சோறு ஊட்டும் நேரத்தை மதிப்பிடும்போது யாரைப் பார்க்கிறார்கள்: குழந்தையையா, ஊட்டுபவரையா?

பாலக்கோட்டுத் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது 2 வயது 2 மாதம், எடை 9 கிலோ 900 கிராம். அங்கன்வாடி அட்டையில் பச்சைப் பகுதிக்குள்தான் இருக்கிறாள் என்றாலும், அதன் கீழ் ஓரத்தில் இருக்கிறாள். கடந்த 5 மாதங்களில் 300 கிராம்தான் கூடியிருக்கிறது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. நான் பள்ளியில் வேலை செய்வதால் பகல் உணவை என் மாமியார் ஊட்டுகிறார், காலையும் இரவும் நான் ஊட்டுகிறேன். வாயில் வாங்கிய கவளத்தைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்துத் துப்பிவிடுவாள்.

குழந்தை மருத்துவர் எங்களை ஒரு சிகிச்சை மையத்துக்கு அனுப்பினார். "வீட்டில் என்ன கொடுப்பீர்களோ அதையே எடுத்து வாருங்கள், 20 நிமிடம் ஊட்டுங்கள், நாங்கள் பார்க்கிறோம்" என்று சொல்லி, ஒளிப்பதிவும் செய்தார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பதை யாரும் விளக்கவில்லை. என் கை நடுங்கியது. வீட்டில் வாயே திறக்காதவள், அங்கே 6 வாய் வாங்கிக்கொண்டாள். நான் பொய் சொல்லி அவளை அழைத்து வந்ததாக அவர்கள் நினைத்திருப்பார்களோ என்ற எண்ணம் வீடு வரும்வரை என்னை விடவில்லை. குழந்தை சாப்பிடாததற்கு என்னைப் படம் எடுப்பதில் என்ன பயன் இருக்கிறது? குற்றம் என்னிடம் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டுத்தான் பார்க்கிறார்களா? இந்தத் துறையை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

அரூர் அங்கன்வாடிப் பணியாளர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். எங்களால் எடை பார்க்கவும், உயரம் பார்க்கவும், கையின் நடுப்பகுதிச் சுற்றளவை நாடாவால் அளக்கவும் முடியும். அந்தச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று கொண்டு உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்புவோம். ஆனால் குழந்தை ஏன் சாப்பிடவில்லை என்பதை எந்த நாடாவும் சொல்லாது. என் மையத்தில் மற்ற குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்து, தட்டில் உள்ளதைத் தானே அள்ளித் தின்னும் பிள்ளை, வீட்டில் ஒரு வாய்கூட வாங்குவதில்லை என்று அம்மாக்கள் சொல்லும்போது முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் ஒரு வீட்டில் மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அந்தத் தாய் சொன்னது உண்மை என்று அறிந்தேன். அதே பிள்ளை, அதே சோறு. உட்கார்ந்த இடமும் ஊட்டிய விதமும்தான் வேறாக இருந்தன. ஆகவே உங்களை யாரும் பொய் சொன்னவராக நினைத்திருக்க மாட்டார்கள்.

தருமபுரியிலிருந்து ஒரு பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் எழுதியது:

பாலக்கோட்டுச் சகோதரி கேட்ட கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன், ஏனெனில் இதை விளக்காமல் தாய்மார்களை அறைக்குள் உட்காரவைப்பது எங்கள் துறையில் அடிக்கடி நிகழும் தவறு. உங்கள் கை நடுங்கியதற்கு நீங்கள் காரணம் அல்லர்.

சாப்பாடு என்பது சின்னக் குழந்தையைப் பொறுத்தவரை தனியாகச் செய்யும் வேலை அன்று; இருவர் சேர்ந்து செய்வது. குழந்தை ஒரு சைகை காட்டுகிறது, ஊட்டுபவர் அதற்கு ஏதோ ஒரு வகையில் பதில் சொல்கிறார், அந்தப் பதிலைப் பார்த்துக் குழந்தையின் அடுத்த சைகை பிறக்கிறது. நாங்கள் பார்ப்பது தாயை மட்டுமோ குழந்தையை மட்டுமோ அன்று. இந்தச் சைகையும் பதிலும் மாறி மாறி ஓடும் ஓட்டத்தையே பார்க்கிறோம். எத்தனை வாய் உள்ளே போயிற்று என்பது அதில் ஒரு சிறு பகுதிதான். அதனால் 6 வாய் வாங்கியது உங்கள் சொல்லைப் பொய்யாக்காது. புது இடம், புது முகங்கள், எதிரே ஒரு கருவி என்றால் சில குழந்தைகள் அடங்கிச் சாப்பிடுவார்கள், சிலர் வழக்கமாகச் சாப்பிடுவதையும் விட்டுவிடுவார்கள். இதனால்தான் மையத்தில் பார்த்ததோடு நிறுத்தாமல், வீட்டில் கைபேசியில் எடுத்த இரண்டு மூன்று வேளைகளின் பதிவையும் கேட்பது நல்லது.

பதிவைப் பார்க்கும்போது என் கண் முதலில் சோற்றுக்குப் போவதில்லை, உட்காரும் நிலைக்குப் போகிறது. குழந்தையின் முதுகுக்குச் சாய்மானம் இருக்கிறதா, கால் ஊன்ற இடம் இருக்கிறதா, அல்லது மடியில் மல்லாந்து படுத்துத் தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சங்கிலும் பாலாடையிலும் புகட்டிப் பழகிய வீடுகளில், 2 வயதுக்குப் பிறகும் படுக்கவைத்தே ஊட்டும் வழக்கம் சில இடங்களில் தொடர்கிறது. தலை பின்னுக்குச் சாய்ந்தால் விழுங்கும் பாதையின் பாதுகாப்புக் குறைகிறது. புரையேறும் என்ற அச்சம் குழந்தையின் உடலில் படிந்துவிடுகிறது. அடுத்து, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிகிறதா என்று பார்ப்பேன். பின்னாலிருந்து ஊட்டுபவருக்குக் குழந்தையின் கண் தெரியாது.

பிறகுதான் கவளம். குழந்தை முன்னே சாய்ந்து வாய் திறந்த பிறகு கை வருகிறதா, கை வந்து உதட்டில் இடித்த பிறகு வாய் திறக்கிறதா? முந்தைய வாயை விழுங்கி முடிக்கும்வரை ஊட்டுபவர் காத்திருக்கிறாரா? குழந்தை முகத்தைத் திருப்பும்போது, உதட்டை இறுக்கும்போது, முதுகை வில்லாக வளைக்கும்போது, கையால் தள்ளும்போது என்ன நடக்கிறது? பெரும்பாலான பதிவுகளில், முதல் சைகை மிக மெல்லியதாக இருக்கும். பார்வையை மட்டும் விலக்கும். அதற்குப் பதில் கிடைக்காதபோதுதான் தலை திரும்புகிறது, பிறகு கை தள்ளுகிறது, பிறகு அழுகை, பிறகு துப்புதல். வீட்டார் எங்களிடம் சொல்வது கடைசிப் படியை மட்டுமே. முதல் படி எந்த நிமிடத்தில் வந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் மதிப்பீட்டின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

இதற்கென்று முறையான அளவுகோல்கள் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் ஐரீன் சாட்டூர் உருவாக்கிய உணவூட்டல் அளவுகோலில் 20 நிமிடப் பதிவைக் கொண்டு 46 கூறுகளுக்கு மதிப்பெண் இடுவார்கள். இருவருக்கும் இடையிலான இசைவு, மோதல், பேச்சும் கவனத் திருப்பமும், யார் கட்டுப்படுத்துவது என்ற போராட்டம், குழந்தையின் சைகைக்குப் பொருந்தாத பதில் ஆகிய ஐந்து தலைப்புகளில் அவை அடங்கும். உங்களை 20 நிமிடம் ஊட்டச் சொன்னதற்கு இத்தகைய முறை காரணமாக இருக்கலாம். பெற்றோர் தாமே நிரப்பும் படிவங்களும் உண்டு. அவற்றுள் 35 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தில் 25 கேள்விகள் குழந்தையின் நடத்தையைப் பற்றியவை, மீதி 10 பெற்றோரின் மனநிலையையும் கையாளும் முறையையும் பற்றியவை. கனடாவின் மான்ட்ரியாலில் உருவான 14 கேள்விப் படிவம் இன்னும் சுருக்கமானது. வெளிநோயாளர் பிரிவின் நெரிசலிலும் அதை நிரப்பிவிட முடியும். படிவம் உங்கள் கவலையைச் சொல்லும், பதிவு நடந்ததைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பல நேரங்களில் விடை கிடைக்கிறது.

ஓசூரிலிருந்து ஒரு தந்தை எழுதியது:

ஐயா, நான் தொழிற்சாலையில் சுழற்சி முறையில் வேலை பார்க்கிறேன். இரவுப் பணி முடித்து வந்த நாட்களில் மூன்றரை வயது மகனுக்குக் காலை இட்லியை நான் ஊட்டுகிறேன். கைபேசியில் பொம்மைப் படம் ஓடினால் வாயைத் திறப்பான், நிறுத்தினால் மூடிக்கொள்வான். நீங்கள் சொன்ன ஐந்து தலைப்புகளில் "கவனத் திருப்பம்" என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பாட்டி நிலாவைக் காட்டி, காக்கையைக் காட்டி, கதை சொல்லித்தான் எங்களை வளர்த்தார். அதுவும் கவனத் திருப்பம்தானே? அப்படியானால் நம் தலைமுறைகள் முழுவதும் தவறாக ஊட்டப்பட்டனவா? மேசையில் தனி நாற்காலி போட்டு, கையில் கரண்டி கொடுக்கும் ஊரில் எழுதிய அளவுகோலை நம் வீட்டுத் திண்ணையில் வைத்து அளப்பது முறையா என்பதையும் தெரிவிக்க வேண்டும்.

பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் எழுதியது:

தாங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி, நான் பயிற்சி பெற்ற நாட்களில் எனக்கும் இருந்த கேள்வி. நம் வீடுகளில் 4 வயதுப் பிள்ளைக்கும் கையால் பிசைந்து ஊட்டுவது அன்பின் அடையாளம். மேலைநாட்டு அளவுகோலில் அதே செயல் "தானே உண்ண விடவில்லை" என்ற கட்டத்தில் விழக்கூடும். அந்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு தாயிடம் பேசினால் அது அநீதி. அளவுகோலை ஒரு விளக்காகப் பிடிக்கலாம், தராசாகப் பிடிக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

நிலாவுக்கும் கைபேசிக்கும் வேறுபாடு இருக்கிறது, அதைப் பதிவில் கண்ணால் பார்க்கலாம். நிலாவைக் காட்டும் பாட்டி குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். குழந்தை "போதும்" என்று தலையசைத்தால் அவருக்குத் தெரிகிறது. கதையில் காக்கைக்கு ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய் என்று குழந்தையையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறார். பேச்சு ஓடும்போதும் இருவருக்கும் இடையிலான கம்பி அறுவதில்லை. படம் ஓடும் திரையின் முன் குழந்தையின் கண் சோற்றையும் பார்க்கவில்லை, ஊட்டுபவரையும் பார்க்கவில்லை. வாய் தானாகத் திறக்கிறது, வயிறு நிறைந்ததை அது கவனிப்பதில்லை. நிலாச்சோற்றிலும் வரம்பு உண்டு. குழந்தை ஏமாந்த நொடியில் கவளத்தைத் திணிப்பதற்காகக் காக்கையைக் காட்டினால், அது காக்கையாக இருந்தாலும் திணிப்புதான். பூச்சாண்டி வருவான் என்று பயமுறுத்துவதை நான் விளையாட்டில் சேர்க்க மாட்டேன்.

தங்கள் மகன் விஷயத்தில், கைபேசியை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். முதலில் ஒரு வேளையை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள்; தாங்களும் அவனோடு உட்கார்ந்து அதே இட்லியைச் சாப்பிடுங்கள். இரவுப் பணி முடித்த களைப்பில் இது எளிதன்று என்பதை அறிவேன்.

தேன்கனிக்கோட்டைப் பாட்டி (பேத்தி தட்டச்சு செய்கிறேன்) எழுதியது:

என் மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். பேரன் பிறந்த 10ஆம் மாதத்திலிருந்து என்னிடம் வளர்கிறான், இப்போது 3 வயது ஆகிறது. வாரம் ஒரு முறை தொலைபேசியில் மருமகள் கேட்கும் முதல் கேள்வி, "அத்தை, நன்றாகச் சாப்பிட்டானா?" என்பதுதான். பிள்ளை இளைத்துவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? அந்தப் பயத்தில் நான் அவன் மூக்கைப் பிடித்து வாயில் கூழை ஊற்றியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் ஊற்றினேன், அவர்கள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். இவனோ இப்போது கிண்ணத்தைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறான். சிகிச்சைக்கு அழைத்துப் போனால் அம்மா வரட்டும் என்கிறார்கள். அம்மா ஊட்டுவதில்லை, நான்தானே ஊட்டுகிறேன்? யாரைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பார்கள்?

பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னதைத்தான் எங்கள் பயிற்சி வகுப்புகளில் முதல் பாடமாக வைக்க வேண்டும். யார் ஊட்டுகிறாரோ அவரோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். அளவுகோல்களில் "தாய்" என்று எழுதியிருப்பதால் தாயை மட்டும் அழைப்பது, பெற்றோர் வேலைக்காக வெளியூரில் வாழும் நம் மாவட்டங்களில் பாதிக் கதையைத்தான் காட்டும். நீங்களே போங்கள், "நான்தான் ஊட்டுகிறேன்" என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

மூக்கைப் பிடித்து ஊற்றுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள், அம்மா. மூச்சுக்காக வாய் திறக்கும் நொடியில் கூழ் உள்ளே போனால் அது நுரையீரலுக்குள் போக வாய்ப்பு அதிகம். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதும், அந்தப் பயம் உங்களை எவ்வளவு அழுத்துகிறது என்பதும் எழுத்திலேயே தெரிகிறது. மதிப்பீட்டில் அந்தப் பயத்தையும் நாங்கள் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஊட்டும் கையை வேகப்படுத்துவது பெரும்பாலும் அந்தப் பயம்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு குழந்தைநல மருத்துவர் எழுதியது:

இந்த உரையாடலை மகிழ்ச்சியுடன் வாசித்தேன். ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஊட்டுபவருக்கும் குழந்தைக்கும் இடையில் நடப்பதைப் பார்ப்பதற்கு முன்போ அதனுடன் சேர்த்தோ, உடல் சார்ந்த காரணங்களை ஆராயாமல் விட்டுவிடக் கூடாது. 2019இல் மருத்துவ வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட வரையறை, குழந்தைகளின் உணவுக் கோளாற்றை உடல்நலம், ஊட்டச்சத்து, உண்ணும் திறன், உளச்சமூக நிலை என்ற நான்கு புலங்களாகப் பார்க்கச் சொல்கிறது. ஒரே குழந்தையில் இரண்டு மூன்று புலங்கள் பின்னிக் கிடப்பது வழக்கம். சாப்பிடும்போது இருமல், குரல் ஈரமாக (தொண்டையில் நீர் தேங்கியதுபோல்) மாறுதல், அடிக்கடி நெஞ்சுச் சளி, விழுங்கும்போது வலி, விடாத வாந்தி, எடை இறங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஒளிப்பதிவுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் வர வேண்டும்.

இன்னொன்று பால். "சோறு சாப்பிடுவதில்லை, பால் மட்டும் ஒரு லிட்டர் குடிக்கிறான்" என்று அழைத்து வருகிறார்கள். வயிறு பாலால் நிறைந்த குழந்தைக்குப் பசி எங்கிருந்து வரும்? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதனால் சோகை வருகிறது, சோகையால் பசி மேலும் மந்தமாகிறது. 1 வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவில் பாலை நிறுத்திக்கொள்வது பல குழந்தைகளில் பசியை மீட்கிறது. பசியில்லாத நேரத்தில் எடுத்த பதிவில் எல்லாத் தாயும் திணிப்பவராகவே தெரிவார். எனவே பதிவு எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் குழந்தை என்ன குடித்தது, என்ன தின்றது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

பென்னாகரத்தில் இரட்டைக் குழந்தைகளின் தாய் எழுதியது:

எனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். ஒரே கை, ஒரே கிண்ணம், ஒரே சாமைச் சோறு. ஒருத்தி வழித்துச் சாப்பிடுகிறாள், மற்றவள் புதிதாக எதைக் கண்டாலும் அழுகிறாள். நான் ஊட்டும் விதம்தான் காரணம் என்றால் இருவரும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? உறவினர் எல்லோரும் என்னையே குறை சொல்லும்போது, ஒரு சிகிச்சையாளரும் "நீங்கள் எப்படி ஊட்டுகிறீர்கள் என்று பார்ப்போம்" என்றால், என் மனம் தானாகவே மூடிக்கொள்கிறது.

பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் எழுதியது:

சகோதரி, உங்கள் அனுபவம் ஆய்வுகளோடு பொருந்துகிறது. இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள், உணவில் பிகு செய்யும் இயல்பில் பிறவிக் கூற்றின் பங்கு பெரிது என்று காட்டியுள்ளன. நெதர்லாந்தில் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று, வற்புறுத்தலுக்கும் பிகுவுக்கும் இடையிலான உறவு இரு திசைகளிலும் ஓடுகிறது என்று கண்டது. குழந்தை குறைவாகச் சாப்பிடுவதால் பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். வற்புறுத்துவதால் குழந்தை மேலும் மறுக்கிறது. இந்தச் சுழலில் தொடங்கியவர் யார் என்று தேடுவது வீண். சுழல் எந்த இடத்தில் தளரும் என்று தேடுவதே மதிப்பீடு. ஊட்டும் விதத்தைப் பார்ப்பது காரணத்தைச் சுமத்துவதற்கு அன்று. குழந்தையின் பிறவி இயல்பை மாற்ற முடியாது, கை வரும் வேகத்தை மாற்றலாம் என்பதால்தான் அதைப் பார்க்கிறோம்.

இங்கே நம் ஊர் உணவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேழ்வரகுக் கூழும் களியும் மிக நல்ல உணவு. ஆனால் களியைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவது நம் வழக்கம். ஒன்றரை வயது வரை கூழும் குழைத்த களியும் மட்டுமே பழகிய குழந்தைக்கு, பருக்கையாக இருக்கும் சோற்றை மெல்லும் பயிற்சி கிடைத்திருக்காது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் நடந்த நீண்டகால ஆய்வில், 10 மாதத்துக்குப் பிறகே சிறு கட்டிகள் உள்ள உணவைத் தொடங்கிய குழந்தைகளிடம் உணவுச் சிக்கல்கள் அதிகமாகக் காணப்பட்டன. பாலக்கோட்டுச் சகோதரியின் மகள் கன்னத்தில் அடக்கிவைப்பது பிடிவாதமாக இல்லாமல், மெல்லத் தெரியாத தவிப்பாகவும் இருக்கலாம். எனவே வீட்டுப் பதிவில், மெல்லும்போது அசைய வேண்டியபடி தாடை பக்கவாட்டிலும் அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டுத் தாய் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இங்கே வாசித்த பிறகு, என் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான்கு நாள் தயங்கினேன். "உங்களைப் பரிசோதிக்கிறார்கள்" என்று அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, முதலில் நான் ஊட்டும் இரவு உணவைக் கணவரிடம் சொல்லிப் பதிவு செய்து, அதை மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டு அவரே, "நீ எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறாய், பிள்ளை மூச்சு விட வேண்டாமா?" என்றார். அடுத்த நாள் தன் பகல் உணவையும் எடுக்கச் சொன்னார்.

மையத்தில் வேறொரு சிகிச்சையாளர் இரண்டு பதிவுகளையும் எங்களோடு சேர்ந்து பார்த்தார். நான் ஊட்டிய பதிவில் 4ஆம் நிமிடத்திலேயே மகள் கண்ணை விலக்குகிறாள்; எனக்கு அது தெரியவில்லை, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை ஊட்டியதில் அவள் இரண்டு முறை தட்டில் கை வைக்கிறாள், இரண்டு முறையும் சட்டை கறையாகும் என்று அத்தை கையை விலக்குகிறார். தாடை மேலும் கீழும் மட்டுமே அசைகிறது. மெல்லும் திறனுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று சொல்லி, வேகவைத்த உருளைக்கிழங்கைக் குச்சியாக நறுக்கிக் கடைவாய்ப் பக்கம் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முழு நிலக்கடலையை இப்போதைக்குக் கண்ணில் காட்ட வேண்டாம் என்றார்கள். ஒரு வேளைக்கு 30 நிமிடம், அதற்குள் முடிந்தது முடிந்தபடி எடுத்துவிட வேண்டும், எது, எப்போது, எங்கே என்பதை நாங்கள் முடிவு செய்வது, எவ்வளவு என்பதை அவள் முடிவு செய்வது என்று சொன்னார்கள். கடைசிப் பகுதியைக் கேட்டபோது அத்தையின் முகம் வாடியது. "ஒன்றுமே வேண்டாம் என்றால்?" என்று கேட்டார். அடுத்த வேளை இரண்டரை மணி நேரத்தில் வரும், நடுவில் பாலும் பிஸ்கட்டும் கொடுக்காமல் இருங்கள், தண்ணீர் கொடுக்கலாம் என்று பதில் சொன்னார்கள்.

முதல் ஐந்து நாட்கள் அவள் மிகக் குறைவாகவே சாப்பிட்டாள், நான் இரவில் தூங்கவில்லை. ஆறாம் நாள் அத்தையின் தட்டிலிருந்து கீரைக் குழம்பு தோய்ந்த களியைத் தானே கிள்ளி எடுத்தாள். எடையில் இன்னும் பெரிய மாற்றம் இல்லை. அதற்குக் காலம் ஆகும் என்றும், மாதம் ஒரு முறை அதே தராசில் பார்த்தால் போதும் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரத்தப் பரிசோதனையில் சோகை இருப்பது தெரிந்து இரும்புச்சத்து மருந்தும் தொடங்கியிருக்கிறோம். அடுத்த பதிவை வரும் 14ஆம் தேதி எடுக்க வேண்டும். அன்று பகல் உணவு ஊட்டப்போவது அத்தைதான். மகளுக்குக் கறைபட்டாலும் பரவாயில்லாத பழைய சட்டை ஒன்றை அவரே தேடி எடுத்து வைத்திருக்கிறார்.